மாட்யூலில் சண்டையா, ரோல்பிளேயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெவர்விண்டர் நைட்ஸ் என்ற கணினி ரோல்பிளேயிங் கேமுக்கு ரசிகர்கள் செய்த மாட்யூல்களை விளையாடுகிறவர்களும், சொந்தமாக ஒன்று செய்யக் கிளம்பியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. மாட்யூல்னா என்ன? மத்த கேமுக்கு வர்ற மாட் மாதிரிதானா?

கொஞ்சம் வேறு. மாட் என்பது ஏற்கெனவே இருக்கும் கேமில் எதையாவது மாற்றுவது, சேர்ப்பது. மாட்யூல் என்பது அந்த என்ஜினில் ஓடும் தனிக்கதை. ஊர், ஆட்கள், வசனம், முடிவு எல்லாம் புதிது. பயோவேர் 2002 ஜூனில் நெவர்விண்டர் நைட்ஸை வெளியிட்டபோது அரோரா டூல்செட் என்ற கருவியையும் கூடவே கொடுத்தது. அதை வைத்துத்தான் ரசிகர்கள் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார்கள். 2018இல் பீம்டாக் நிறுவனம் மெருகேற்றிய பதிப்பைக் கொண்டுவந்தது. பழைய மாட்யூல்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும்.

விதிமுறைகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் மூன்றாம் பதிப்பு. இருபது முகப் பகடை, லெவல், ஸ்கில், அலைன்மென்ட் (பாத்திரம் நல்லவனா கெட்டவனா என்ற கணக்கு) எல்லாம் அங்கிருந்து வந்தவை. கீழே வரும் சண்டை சச்சரவுகளில் பாதி இந்த விதிகளால்தான்.

2. ரோல்பிளேன்னா நிறைய டயலாக் படிக்கிறதுதானே?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், மாட்யூல் செய்கிறவர்களும்கூட. பக்கம் பக்கமாக வசனம் ஓடும். நான்கு பதில்களில் எதை அமுக்கினாலும் எதிரில் நிற்பவர் அதே அடுத்த வரியைச் சொல்வார். அது வாசிப்பு. நன்றாக எழுதியிருந்தால் ரசிக்கலாம், ஆனால் அங்கே என் பாத்திரத்துக்கு வேலை இல்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. உங்கள் பாத்திரத்தின் இடத்தில் வேறொரு பாத்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அந்த இடம் வேறு மாதிரி நடந்தால் அது ரோல்பிளே. இந்தக் கேமின் மூலக்கதையிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இன்டெலிஜென்ஸ் 9க்குக் கீழே இருந்தால் உங்கள் ஆள் முழு வாக்கியமே பேசமாட்டான். "நான் போ. பெரிய கதவு எங்க?" என்கிற ரகத்தில்தான் வசனம் வரும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து உலகமே உங்களிடம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

இந்த அளவுகோலில் சண்டையும் ரோல்பிளேயாக முடியும். அல்ம்ரைவன் என்ற மாட்யூல் மந்திரவாதிக்கென்றே செய்யப்பட்டது. வாள்வீரனை உள்ளே விட்டால் அந்தக் கதைக்கே அர்த்தம் இல்லை.

3. அப்புறம் ஏன் பெரும்பாலான மாட்யூல் குகைக்குள்ள போய் வெட்டுறதாவே இருக்கு? செய்றவங்களுக்குக் கற்பனை இல்லையா?

கற்பனைக்குக் குறைவில்லை, நேரம்தான் இல்லை. சண்டையை என்ஜின் சும்மா தருகிறது. பத்து ஆர்க்குகளை ஒரு குகையில் வைத்தால் போதும். அவை உங்களைப் பார்க்கும், பாய்ந்து வரும், அடிக்கும், செத்து விழும். நீங்கள் ஒரு வரி ஸ்கிரிப்ட் (நிரல்) எழுத வேண்டாம். ஒவ்வொரு ஜந்துவின் பலத்தையும் டூல்செட்டே கணக்குப் போட்டு ஓர் எண்ணாகக் காட்டிவிடும். அரை மணி நேர விளையாட்டு பத்து நிமிடத்தில் தயார்.

பேச்சு அப்படி இல்லை. ஒரு காவலாளியிடம் மூன்று பதில், ஒவ்வொன்றுக்கும் மேலே மூன்று பதில் என்று நான்கு அடுக்கு போனால் 81 முனைகள். எல்லாவற்றையும் கையால் எழுதி, ஒவ்வொன்றையும் நடந்து பார்த்துச் சோதிக்க வேண்டும். விளையாடுகிறவர் அதில் ஒரே ஒரு பாதையைத்தான் பார்ப்பார், இரண்டு நிமிடத்தில் கடந்துபோவார். அதனால் அனுபவசாலிகள் கிளைகளை இரண்டாம் அடுக்கிலேயே திரும்ப ஒன்றுசேர்த்துவிடுவார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து இலவசமாகச் செய்கிற ஒருவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று நீங்களே யோசியுங்கள்.

4. ஃபைட்டே போடாம பேசித் தப்பிச்சேன். ஆனா எக்ஸ்பி ஒண்ணுமே வரல. பேசினதுக்குத் தண்டனையா?

உண்மையில் ஆமாம், பெரும்பாலும் செய்தவருக்கே தெரியாமல். எதிரியைக் கொன்றால் எக்ஸ்பி, அதாவது லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி, தானாக வரும், என்ஜின் பார்த்துக்கொள்ளும். பேசி அனுப்பினால் யாராவது ஸ்கிரிப்ட் எழுதித் தர வேண்டும், மறந்தால் சுழியம். போதாக்குறைக்குச் செத்தவனின் வாளும் பணப்பையும் உங்களுக்குக் கிடைக்கும், பேசிப் போனவன் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். இரண்டாம் லெவலுக்கு 1,000, மூன்றாவதுக்கு 3,000, நான்காவதுக்கு 6,000, ஐந்தாவதுக்கு 10,000 எக்ஸ்பி வேண்டும். ஆரம்பத்தில் நாலு இடத்தில் சமாதானமாகப் போனவன் நடுக்கதையில் ஒரு லெவல் பின்தங்கி, தவிர்க்க முடியாத சண்டையில் அடிவாங்கிச் சாவான். அதற்குப் பிறகு அவன் எங்கும் பேசிப் பார்க்கமாட்டான். மாட்யூல் அவனை அப்படிப் பழக்கிவிட்டது.

என்னைக் கேட்டால் சண்டையா பேச்சா என்ற வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. செய்கிறவர் எதற்குக் கூலி தருகிறாரோ, விளையாடுகிறவர் அதைத்தான் செய்வார்.

சரிசெய்வது கஷ்டமில்லை. மாட்யூல் ப்ராப்பர்ட்டீஸில் எக்ஸ்பி ஸ்கேல் என்று ஓர் அளவு இருக்கிறது. அதைக் குறைத்து வையுங்கள், அல்லது சுழியமே வையுங்கள். எக்ஸ்பியைக் குவெஸ்ட் (கதையில் கொடுத்த வேலை) முடிந்ததற்குக் கொடுங்கள். பாலத்தைக் கடந்தால் 300 என்றால், வெட்டிக் கடந்தாலும் பேசிக் கடந்தாலும் ஒளிந்து கடந்தாலும் 300.

5. தியரி போதும் அண்ணா. ஒரே ஒரு இடத்தை எடுத்து எப்படிச் செய்யணும்னு காட்டுங்க.

சரி, அந்தப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் ஆறு கொள்ளையர். தலைவன் சொல்கிறான்: "தலைக்கு அம்பது பொன். இல்லேன்னா ஆத்துல இறங்கி நீந்திப் போ." யார் வந்தாலும் பணம் கொடுக்கலாம், வாளை உருவலாம். மற்ற பதில்கள் வந்து நிற்பவரைப் பொறுத்துத் திரையில் வரவேண்டும். ப்ளஃப் கற்றவனுக்கு: "எனக்குப் பின்னாடி இருபது பேர் வர்றாங்க. நான் வழி பார்க்க வந்தவன்." ஹீல் ஸ்கில் உள்ள பூசாரிக்கு: "கால்ல சீழ் வெச்சிருக்கு. முதல்ல உக்காரு." இன்டெலிஜென்ஸ் குறைந்த முரடனுக்கு: "எனக்கு எண்ணத் தெரியாது. நீயே எடுத்துக்க." அவன் பையை நீட்டுகிறான்; தலைவன் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு வழிவிடுகிறான். ஒளிந்து நகரத் தெரிந்த ரோக் பேசவே வேண்டாம், இருட்டில் பாலத்தின் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு போகட்டும்.

இதுவரை எல்லோரும் செய்வார்கள். முக்கியமானது அடுத்த ஊரில். கொள்ளையரை வெட்டியிருந்தால் உங்களுக்குப் பின்னால் அதே பாலத்துக்கு வந்த உப்பு வியாபாரி சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், உங்களுக்கும் ஒரு தட்டு சொல்வார். பணம் கொடுத்தோ பொய் சொல்லியோ கடந்திருந்தால் அந்த நாற்காலி காலி, அவர் பாலத்தைத் தாண்டவில்லை. காலுக்கு மருந்து போட்டிருந்தால் வியாபாரி வந்திருப்பார், ஆனால் வெறுங்கையோடு. கொள்ளையர் அவரை உயிரோடு விட்டுவிட்டார்கள், உப்பு போச்சு. மொத்தமே பாலத்தில் நடந்ததை நினைவில் வைக்க ஒரு வேரியபிள், மூன்று மாற்று வசனம். 81 முனை தேவையில்லை. பாலத்தில் நீங்கள் பேசியது வீணாகவில்லை என்று விளையாடுகிறவருக்குப் புரிந்துவிடும்.

6. என் ஃபைட்டர் எங்க பெர்ஸ்வேட் பண்ணினாலும் ஃபெயில். பக் இருக்கா?

இல்லை, கணக்கு அப்படி. பெர்ஸ்வேட் என்பது பேசி இணங்கவைக்கும் ஸ்கில். இருபது முகப் பகடையோடு உங்கள் ஸ்கில் ராங்க், கரிஸ்மாவுக்கு (வசீகரம்) உரிய கூட்டல் கழித்தல் இரண்டையும் சேர்த்து இலக்கு எண்ணோடு ஒப்பிடுகிறது. இலக்கு 20 என்று வையுங்கள். ஐந்தாம் லெவல் ரோக் பெர்ஸ்வேடில் முழுதாக 8 ராங்க் போட்டு, கரிஸ்மா 14க்கு 2 சேர்ந்தால் மொத்தம் 10. பகடையில் 10 விழுந்தாலே போதும், பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. உங்கள் ஃபைட்டர் ராங்க் எதுவும் போடாமல், கரிஸ்மா 8க்கு ஒன்று கழித்தால், 20 விழுந்தாலும் 19தான். எத்தனை தடவை முயன்றாலும் நடக்காது. ஸ்கில் சோதனையில் 20 விழுந்தால் தானாக வெற்றி என்ற விதியும் கிடையாது.

விளையாடுகிறவர்களுக்கு: கதை மாட்யூல் என்று போட்டிருந்தால் பில்ட் போடும்போதே, அதாவது பாத்திரத்தின் திறன்களைத் தேர்ந்தெடுக்கும்போதே, இதை யோசியுங்கள். செய்கிறவர்களுக்கு: எல்லாப் பேச்சுக் கதவுக்கும் பெர்ஸ்வேட் பூட்டே மாட்டாதீர்கள். அப்படிச் செய்தால் ரோல்பிளே என்பது பார்டுக்கும் (பாணன்) ரோக்குக்கும் மட்டும் உரியதாகிவிடும். ஃபைட்டருக்கு அவனுடைய பேச்சு இருக்கட்டும். முன்னாள் படைவீரனைப் பார்த்து "எந்தப் படைப்பிரிவு?" என்று கேட்க எந்த ஸ்கில்லும் வேண்டாம், பாத்திரத்தின் கிளாஸை (ஃபைட்டர், ரோக் போன்ற வகை) பார்த்தால் போதும்.

7. ஸ்கில் செக் தோத்தா லோட் பண்ணிக்கிறேன். இது சீட்டிங்கா?

உங்கள் கேம், உங்கள் சேவ். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் ஏன் லோட் செய்கிறீர்கள் என்று பார்த்தால், தோற்ற பக்கம் காலியாக இருக்கும். "போ, உன்னிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு வரி, அதோடு கதவு மூடிவிடும். குற்றம் எழுதியவருடையது. தோல்வியிலும் ஏதாவது நடந்தால் லோட் செய்யும் கை தானாக நிற்கும். ப்ளஃப் தோற்றதும் கொள்ளைத் தலைவன் சிரித்துவிட்டு, "இருபது பேரா? சரி, அவங்க வர்ற வரைக்கும் எங்ககூட உக்காரு" என்று பிடித்து வைத்துக்கொண்டால், நான் அதை விளையாடிப் பார்ப்பேன்.

8. ஒவ்வொரு ஃபைட் முடிஞ்சதும் ஆர் பட்டனைத் தட்டி ரெஸ்ட் எடுத்துடறேன். சண்டை ரொம்ப சப்புன்னு இருக்கே?

நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். பக்கத்தில் எதிரி இல்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம், எழுந்தால் உயிரும் மந்திரமும் முழுசாகத் திரும்பிவிடும். இதை அப்படியே விட்டால் மந்திரவாதி ஒவ்வொரு அறையிலும் தன் முழு மந்திரத்தையும் கொட்டுவான். அதைச் சமாளிக்க மாட்யூல் செய்கிறவர் எதிரிகளை ஏற்றுவார். ஏற்றினால் பேச்சுக்காக பில்ட் போட்டவன் உள்ளேயே நுழைய முடியாது. ஒரு பட்டன், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மொத்தச் சமநிலையும் சரிகிறது.

ரெஸ்ட் நிகழ்வுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மாட்டி, சத்திரத்திலோ முகாமிலோ மட்டும் தூங்கவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மருந்துக் குப்பியும் கணக்கில் வரும். "இந்தச் சண்டை தேவையா?" என்ற கேள்வியும் தானாக எழும். ரோல்பிளேக்கு இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரியவில்லை.

9. கெட்டவனா விளையாடணும்னு ஆசை. ஆனா எந்த மாட்யூல்லயும் சரியா வரல. ஏன்?

கெட்டவன் என்றால் "முடியாது" என்றோ "ஆயிரம் பொன் கொடு" என்றோ சொல்பவன் என்று நிறைய பேர் எழுதிவிடுகிறார்கள். உதவ மறுத்தால் குவெஸ்ட் நின்றுபோகும், உங்களுக்கு விளையாட ஒன்றும் இருக்காது. பணம் கேட்டால் அலைன்மென்ட் இரண்டு புள்ளி இறங்கும், கதை அதே நல்லவன் பாதையில் போகும். கெட்டவனுக்கும் தனியாக ஒரு லட்சியம் வேண்டும். அதை எழுதுவது இரண்டாவது மாட்யூல் எழுதுவதற்குச் சமம்.

அலைன்மென்ட் இரண்டு அச்சுகளில் 0 முதல் 100 வரை ஓடுகிறது. நல்லது கெட்டது ஒன்று, ஒழுங்கு குழப்பம் இன்னொன்று. ஸ்கிரிப்ட் சொன்னால்தான் நகரும். பாலடின் (அறநெறி வீரன்) தன் அலைன்மென்டை விட்டு விலகினால் மேற்கொண்டு பாலடின் லெவல் எடுக்க முடியாது. அதனால் புள்ளி கழிக்கும்போது கவனம். கொள்ளையனிடம் ஒரு பொய் சொன்னதற்கெல்லாம் கழித்தால், பாலடின் விளையாடுகிறவர் உங்கள் மாட்யூலைத் திரும்பத் தொடமாட்டார்.

10. கூட ஒரு துணை ஆளைச் சேர்த்துக்கிட்டா ரோல்பிளே கூடுமா, சண்டை ஈஸியாகுமா?

இரண்டும் நடக்கும். 2002இல் ஒரே ஒரு துணைதான், 2003 டிசம்பரில் வந்த ஹோர்ட்ஸ் ஆஃப் தி அண்டர்டார்க் விரிவாக்கத்தில் இரண்டானது. ஸ்கிரிப்டில் எண்ணிக்கையை மாற்றவும் செய்யலாம். துணைக்கு ஆள் வந்தால் பேச ஆள் இருக்கிறது. தொந்தரவு என்னவென்றால், நீங்கள் ஒளிந்து போகும்போது அவர் பாட்டுக்கு எதிரியைப் பார்த்து வாளை உருவிக்கொண்டு ஓடுவார். பாலத்தடியில் ரோக் நழுவிப் போகும் வழி வைத்திருந்தால், துணையை இக்கரையிலேயே நிறுத்திவைக்க ஒரு வசனமும் வையுங்கள்.

11. சண்டையே இல்லாத மாட்யூல் செஞ்சா யாராவது விளையாடுவாங்களா?

விளையாடுவார்கள், சின்னதாக இருந்தால். ஒரு கொலை விசாரணை, ஓர் இரவு, ஒரே மாளிகை என்றால் அருமையாக வரும். இருபது மணி நேரம் என்றால் கஷ்டம். கேமின் பாத்திரத் தாளில் முக்கால்வாசி சண்டைக்கானது. ஃபீட் (சிறப்புத் திறமை) தேர்ந்தெடுத்து, நல்ல வாளைத் தேடிப் பிடித்த ஃபைட்டருக்கு அதைப் பயன்படுத்த ஓர் இடமாவது வேண்டும். முதல் பக்கத்திலேயே "சண்டை இல்லை" என்று எழுதிவிட்டால் பாதிப் புகார் வராது.

நடுவழி ஒன்றும் உண்டு. எதிரியின் உயிர் கால்வாசிக்கு இறங்கும்போது அவன் ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சரணடைய வைக்கலாம், அதற்கான கட்டளை என்ஜினிலேயே இருக்கிறது. அங்கிருந்து பேச்சு தொடங்கட்டும். ரத்தம் சொட்ட நிற்பவனிடம் கேட்கும் கேள்வியும் சத்திரத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இருக்காது.

12. எனக்குக் கஷ்டமான ஃபைட்தான் பிடிக்கும். அப்போ நான் உண்மையான ரோல்பிளேயர் இல்லையா சார்?

யார் சொன்னது? ஸ்வார்ட்ஃப்ளைட் என்ற தொடர் கடினமான சண்டைக்குப் பேர்போனது. கையில் இருக்கும் குப்பி, சுருள், பொறி எல்லாவற்றையும் யோசித்துப் பயன்படுத்தினால்தான் தாண்ட முடியும். வசனத்திலும் உங்கள் பாத்திரத்தின் திறன்களை அது கேட்கிறது. இரண்டாவது பதிலில் சொன்ன அளவுகோலை அதற்குப் போட்டுப் பாருங்கள். பார்டும் பாலடினும் ஒரே அறையை ஒரே மாதிரி தாண்ட மாட்டார்கள்.

சலிப்பது யோசிக்கத் தேவையில்லாத சண்டைதான். ஒரே மாதிரி கோப்ளின்கள் பன்னிரண்டு அறையில், இடது பட்டனை அமுக்கிக்கொண்டே டீ குடிக்கலாம். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

13. நண்பர்களோட சேர்ந்து விளையாடினா இந்தப் பிரச்சினையெல்லாம் இருக்காதுன்னு சொல்றாங்களே?

ஒருவர் டிஎம் (டஞ்சன் மாஸ்டர், கதையை நடத்துபவர்) ஆக உட்கார்ந்தால் நிறைய தீரும். டிஎம் கிளையன்ட் மூலம் அவர் எந்தப் பாத்திரத்துக்குள்ளும் புகுந்து நேரடியாகத் தட்டச்சு செய்து பேசலாம், எதிரிகளைக் கொண்டுவந்து வைக்கலாம், நன்றாக நடித்தவருக்கு அங்கேயே எக்ஸ்பி கொடுக்கலாம். மூன்றாவது கேள்வியின் 81 முனைத் தொல்லை அங்கே இல்லை. புதுத் தொல்லை வேகம். ஒருவர் சத்திரக்காரரிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குகையில் பாதியைத் துடைத்திருப்பார். ஆரம்பிக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

ஒரு சர்வரில் நிறைய பேர் சேரலாம் என்பதால் வருடக்கணக்கில் ஓடும் நிரந்தர உலகங்களும் உருவாகின. அரேலித் மாதிரி ரோல்பிளேவுக்கென்றே நடக்கும் இடங்களில் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து பேசினால் முகம் சுளிப்பார்கள். நுழையும் முன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

14. வசனத்தைத் தமிழில் எழுதலாமா?

டூல்செட்டில் தமிழ் எழுத்து வராது. யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்து முறையில்தான் இந்த என்ஜின் வசனங்களை வைத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி நண்பர்களுக்குள் விளையாடலாம், சத்திரத்துக் குடிகாரன் வசனமெல்லாம் பிரமாதமாக இருக்கும்.

15. முதல் மாட்யூல் செய்யப் போறேன். சண்டை எத்தனை, பேச்சு எத்தனை விழுக்காடு வைக்கலாம்?

விழுக்காடு போட்டுத் தொடங்காதீர்கள். ஒரு கிராமம், ஒரு பாலம், ஒரு குகை போதும். மூன்று பாத்திரங்களை மனத்தில் வையுங்கள்: கரிஸ்மா 8 ஃபைட்டர், சாவி திறக்கத் தெரிந்த ரோக், ஒரு பூசாரி. செய்து முடித்ததும் மூன்று பேரையும் வைத்து நீங்களே முதலிலிருந்து கடைசிவரை விளையாடுங்கள். யாராவது ஒருவர் எங்காவது கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அவருக்கு ஒரு வழி போடுங்கள். மூவரும் கடைசியில் ஏறக்குறைய ஒரே எக்ஸ்பியோடு நிற்கிறார்களா என்றும் பாருங்கள், நான்காவது பதிலில் சொன்ன கோளாறு அங்கேதான் தெரியும். பாஸை (கடைசிப் பெரிய எதிரி) மட்டும் கடைசியாகச் செய்யுங்கள். முதலில் அவனைச் செய்ய உட்கார்ந்தவர்கள் அவனுக்குக் கவசம் மாட்டிப் பார்ப்பதிலேயே ஒரு மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள்.